மறுபடியும் ஸ்டீயரிங் பிடிக்கலாமா?

வாசகர் கேள்விகளுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் பதில்கள்

நோயாலோ விபத்தாலோ முதுமையாலோ வண்டி ஓட்டுவதை நிறுத்தியவர்களை மறுபடி ஓட்டவைப்பதும், உடற்குறையோடு புதிதாகக் கற்க வருபவர்களுக்கு வழி தேடித் தருவதும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் வேலைகளில் ஒன்று. இது பலருக்கும் தெரியாது என்பதை வந்த கடிதங்களே சொல்கின்றன. அவற்றில் சில இங்கே.

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. நான்கு மாதம் முன்பு பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது நன்றாக நடக்கிறார். இடது கையில்தான் பிடிமானம் இல்லை. ‘கார் ஓட்டுவேன்’ என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். தெரபிஸ்டிடம் போனால் என்னதான் பார்ப்பார்கள்?

கையைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஒரு கையால் ஓட்டக் கருவி இருக்கிறது. தெரபிஸ்ட் முதலில் தேடுவது வேறொன்றை.

இடது பக்கம் விழுந்தது என்றால் பாதிப்பு மூளையின் வலது பாதியில். அந்தப் பாதி பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே நினைவில் தங்காது. கண் நன்றாகத்தான் இருக்கும். காட்சி உள்ளே போகும், மூளை அதைக் கணக்கில் எடுக்காது. இதை ‘புறக்கணிப்பு’ என்பார்கள். வீட்டிலேயே கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தட்டின் இடது ஓரத்தில் இருப்பதை விட்டுவிட்டு எழுந்துகொள்கிறாரா? வாசல் நிலையில் இடது தோள் இடிக்கிறதா? இடது கன்னத்தில் சவரம் விட்டுப்போகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் தெரபிஸ்டிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவராகச் சொல்ல மாட்டார். மறைக்கிறார் என்று அர்த்தமில்லை, அவருக்கே அது தெரியாது.

இன்னொரு கோளாறும் இதைப் போலவே தோன்றும். பார்வைப் புலத்தில் பாதி போய்விடுவது. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கப் பாதி தெரியாது. இது இருப்பவருக்குப் பெரும்பாலும் தன் குறை தெரியவரும், ஆகவே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஈடுகட்டப் பழகலாம். ஆனால் பல நாடுகளில் கிடைமட்டமாகச் சுமார் 120 டிகிரி பார்வை இருந்தால்தான் லைசென்ஸ். பாதிப் புலம் முழுசாகப் போனவருக்கு 90 டிகிரி அளவுதான் மிஞ்சும். எவ்வளவு பழகினாலும் சட்டம் இடம் கொடுக்காமல் போகலாம் என்பதால், இதை முதலிலேயே கண் மருத்துவரிடம் அளந்துவிட வேண்டும்.

சோதனை இரண்டு கட்டம். முதல் கட்டம் அறைக்குள், ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். என்னென்ன மருந்து, வலிப்பு வந்ததுண்டா, கழுத்து எவ்வளவு திரும்புகிறது, கணுக்காலை எவ்வளவு அழுத்த முடிகிறது, கண்ணை மூடிக்கொண்டு தன் கட்டைவிரல் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று சொல்ல முடிகிறதா என்பதெல்லாம் பார்ப்பார்கள். பிறகு தாள், பென்சில். பெரிய நட்சத்திரம், சின்ன நட்சத்திரம், எழுத்து எல்லாம் கலந்து சிதறிய தாளைக் கொடுத்து, சின்ன நட்சத்திரத்தை மட்டும் அடிக்கச் சொல்வார்கள். வலப்பக்கம் சுத்தமாக அடித்து, இடது ஓரத்தில் வரிசையாக விட்டிருந்தால் புறக்கணிப்பு கையும் களவுமாகப் பிடிபட்டது என்று அர்த்தம்.

இரண்டாம் கட்டம் சாலையில். பக்கத்து இருக்கையில் பயிற்றுநர், அவர் காலடியிலும் ஒரு பிரேக். தெரபிஸ்ட் பின்சீட்டில் குறிப்பேட்டோடு. முதல் 10 நிமிடம் வண்டி பழக. அப்புறம் அமைதியான தெரு, பல வரிசைச் சாலை, சிக்னல் இல்லாத சந்திப்பு, எதிர்வரும் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்துத் திரும்புவது. கடைசியில், ‘புறப்பட்ட இடத்துக்கு நீங்களே வழி பார்த்துப் போங்கள்’ என்பார்கள். எத்தனை முறை பயிற்றுநர் வாயால் எச்சரித்தார், எத்தனை முறை பிரேக்கைத் தொட்டார், ஸ்டீயரிங்கைப் பிடித்தார் என்பதெல்லாம் தனித்தனியாகக் குறிக்கப்படும். பக்கவாதம் வந்தவர்களிடம் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 20-ஆம் நிமிடத்தில் அருமையாக ஓட்டியவர் 50-ஆம் நிமிடத்தில் அசதியால் இடது விளிம்புக் கல்லில் உரசுவது அடிக்கடி நடப்பது. அதனால்தான் சோதனையை அரை மணியில் முடித்துக்கொள்ளக் கூடாது.

முடிவு ‘சரி’, ‘கூடாது’ என்று இரண்டோடு நிற்காது. பகலில் மட்டும், ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும், வீட்டிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் மட்டும் என்று நிபந்தனையோடு வரலாம். எட்டு பத்து வகுப்பு எடுத்துவிட்டு மறு சோதனைக்கு வரச் சொல்லலாம். எதுவானாலும் அதற்கு முன் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். லைசென்ஸ் அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் தர வேண்டுமா என்பதையும் விசாரித்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்தின்போது இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: ஸ்டீயரிங்கில் மாட்டும் குமிழ் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி நாமே மாட்டிக்கொண்டால் என்ன?

வாகனம் நிறுத்தும் இடத்தில் வளைத்துத் திருப்ப வசதி என்று விற்கப்படும் குமிழும், ஒரே கையால் நாள் முழுக்க ஓட்டுபவருக்கான குமிழும் ஒன்றல்ல. சாதாரண கார் ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சுமார் மூன்று சுற்று. ஒரு கைக்காரர் குமிழை விடாமல் அந்த மூன்று சுற்றையும் சுற்றுவார். முழு பாரமும் அந்த ஒரே கவ்வியில். மலிவுக் கவ்வி ஸ்டீயரிங் உறையின்மேல் வழுக்கி நகரும், அதுவும் பாதித் திருப்பத்தில் நகரும். மாட்டும் இடத்தில் உறை இருக்கக் கூடாது, வளையத்தின் தடிமனுக்குக் கவ்வி பொருந்த வேண்டும், திருகின் இறுக்கத்தை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

கை எப்படியோ குமிழும் அப்படி. விரல் மடங்கினால் உருண்டை போதும். பிடி பலவீனம், ஆனால் மணிக்கட்டு நிற்கிறது என்றால் உள்ளங்கை நுழையும் வளைவு. விரலே மடங்காதவருக்கு மூன்று முனைப் பிடி, மணிக்கட்டைச் சுற்றி மூன்று குச்சிகள் அணைத்துக்கொள்ளும். எந்த இடத்தில் மாட்டுவது என்பதையும் உட்கார வைத்துச் சுற்றிப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ரொம்ப மேலே போனால் தோள் வலிக்கும், ரொம்பக் கீழே போனால் தொடையில் இடிக்கும். காற்றுப்பை விரியும் பாதையில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

எல்லாரும் மறப்பது இண்டிகேட்டரை. உள்ள ஒரே கை குமிழில் இருக்கும்போது, எதிர்ப்பக்க இண்டிகேட்டர் நெம்புகோலை எதைக் கொண்டு தட்டுவது? குமிழிலேயே பொத்தான் வைத்த வகை அதற்குத்தான். வீட்டில் மற்றவர்களும் அதே காரை ஓட்டுவதாக இருந்தால் ஒரு அழுத்தில் கழன்று வரும் குமிழ் வாங்குங்கள். பழக்கமில்லாதவரின் சட்டைக் கை அதில் மாட்டும்.

கேள்வி: முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலில்லை. வயது 31. வீல்சேரிலிருந்து காருக்குத் தனியாக மாறிக்கொள்வேன். கையால் ஓட்டும் கருவி பொருத்தினால் உடனே ஓட்டலாமா?

மாறிக்கொள்ளத் தெரிந்திருப்பது பெரிய விஷயம். பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

ஹேண்ட் கன்ட்ரோல் என்பது ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல். கம்பிகள் வழியாகப் பெடல்களோடு இணைந்திருக்கும். முன்னால் தள்ளினால் பிரேக். ஆக்சிலரேட்டர் வகைக்கு வகை மாறும்: தன் பக்கம் இழுப்பது, தொடையை நோக்கிக் கீழே அழுத்துவது, மோட்டார் சைக்கிள்போல முறுக்குவது. பிரேக் மட்டும் தள்ளும் திசையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. வண்டி திடீரென நிற்கும்போது உடம்பு முன்னால் சாயும், அந்தச் சாய்வு பிரேக்கை இன்னும் அழுத்தும். அது இழுக்கும் திசையில் இருந்தால் அவசரத்தில் பிடி தளர்ந்துவிடும். முறுக்கு வகை விரல் பலம் கேட்கும், நீண்ட பயணத்தில் மணிக்கட்டு வலிக்கும். கீழே அழுத்தும் வகைக்குத் தொடைக்கும் நெம்புகோலுக்கும் இடையே இடம் வேண்டும். கடையில் எது இருக்கிறதோ அதைப் பொருத்தாதீர்கள். மூன்றையும் தொட்டுப் பாருங்கள். ஒரு கை நெம்புகோலுக்குப் போய்விடுவதால் ஸ்டீயரிங்குக்குக் குமிழும் வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டிதான் சரி.

அடி எந்த மட்டத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. வயிற்றுத் தசை வேலை செய்யாத மட்டம் என்றால், வளைவில் உடம்பு ஒரு பக்கம் சரியும். சரியாமலிருக்க ஸ்டீயரிங்கையே பிடித்துத் தொங்குவார்கள், வண்டி கூடவே திரும்பும். தெரபிஸ்ட் உங்களை உட்காரவைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பது இதற்குத்தான். மார்பின் குறுக்கே ஒரு பட்டையும் பக்கவாட்டு அணைப்பும் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். காலில் திடீர் இறுக்கம் வந்து உதைக்கும் பழக்கம் இருக்கிறதா? அப்படியானால் அந்தக் கால் ஆக்சிலரேட்டரில் போய் விழாமலிருக்கப் பெடலுக்கு முன்னால் ஒரு தகடு கட்டாயம்.

பயிற்சி இப்படிப் போகும். என்ஜினை நிறுத்திவைத்து, ‘பிரேக்’ என்று சொன்னதும் நெம்புகோலைத் தள்ள வேண்டும், சளைக்காமல் 20, 30 தடவை. அடுத்து ஆளில்லாத மைதானத்தில் 10 கிலோமீட்டர் வேகம், தரையில் போட்ட கோட்டில் சரியாக நிறுத்துவது. பிறகு ரிவர்ஸ். கடைசியாகத்தான் தெரு. முன்பு காலால் ஓட்டியவர் என்றால் ஆபத்து ஒன்று உண்டு. அவசரத்தில் மூளை பழைய பழக்கத்தில் காலுக்குத்தான் கட்டளை அனுப்பும், கை அரை விநாடி தாமதமாகத் தள்ளும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது போகும். அந்த 30 தடவையைத் தவிர்க்கப் பார்ப்பவர்கள் பின்னால் சிரமப்படுகிறார்கள்.

உணர்வில்லாத உடம்புக்கு நீண்ட பயணத்தில் அழுத்தப் புண் வரும் என்பதையும் மறக்காதீர்கள். மெத்தை போட்டால் உயரம் கூடும், கண்ணாடிகளையும் நெம்புகோல் தூரத்தையும் மெத்தையோடு சேர்த்தே அளக்க வேண்டும். வீல்சேரை யார் தூக்கி உள்ளே வைப்பது என்பதையும் வாங்குமுன் செய்து பாருங்கள். தினம் நான்கு முறை மடியின்மேல் இழுத்துப் பக்கத்து சீட்டில் போட்டால் தோள்பட்டை சில வருடங்களில் தேய்ந்துவிடும். உங்களுக்கு நடக்கும் காலும் அதுதான்.

கேள்வி: சர்க்கரையால் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆட்டோமேட்டிக் காரை இடது காலாலேயே ஓட்டிவிடுவேன் என்கிறார். செய்யலாமா?

இப்போது இருக்கும் பெடல்களை வைத்துக்கொண்டு கூடாது. இடது காலைக் குறுக்கே நீட்டி ஆக்சிலரேட்டரை எட்டினால் உடம்பு கோணும், பாதம் இரண்டு பெடலையும் சேர்த்து மிதிக்கும். அதற்கென்று இடதுகால் ஆக்சிலரேட்டர் உண்டு. பிரேக்குக்கு இடப்பக்கம் ஒரு பெடல் வரும், வலப்பக்கத்து அசல் பெடலை ஒரு தகடு மூடிவிடும்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அப்பா இத்தனை காலம் கியர் வண்டி ஓட்டியவரா? அப்படியானால் அவருடைய இடது காலுக்குத் தெரிந்தது கிளட்ச். நிறுத்த நினைத்தால் இடது ஓரத்தில் ஓங்கி மிதிக்கும். இப்போது அதே இடத்தில் இருப்பது ஆக்சிலரேட்டர்! இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பயிற்சியில்லாமல் பொருத்திக்கொடுக்கக் கூடாது. மறதியோ கவனக்குறைவோ உள்ளவர்களுக்குத் தெரபிஸ்டுகள் இதைப் பரிந்துரைக்கத் தயங்குவதும் இதனால்தான்.

சர்க்கரை என்பதால் மிஞ்சிய காலையும் சோதிக்க வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, ‘தெரிகிறதா?’ என்று கேட்பார்கள். மரத்துப்போன பாதத்துக்கு எந்தப் பெடலில் இருக்கிறோம், எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. அப்படி இருந்தால் கையால் ஓட்டும் கருவிக்குப் போய்விடுவது நல்லது. இன்சுலின் போடுகிறவர் வண்டியை எடுக்குமுன் சர்க்கரை அளவைப் பார்த்துவிட வேண்டும். வண்டியில் கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது இனிப்பு வேண்டும், டிக்கியில் இருந்து பயனில்லை.

கேள்வி: வலது முழங்கால் மாற்று அறுவை நடந்து மூன்று வாரம். வலி இல்லை. ஓட்டலாமா?

இன்னும் கொஞ்சம் பொறுங்கள். பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும், உங்கள் மருத்துவரின் சொல்தான் கடைசி. வலி போவது ஒன்று, பாதத்தை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துப் பிரேக்கில் ஓங்கி வைக்கும் வேகம் திரும்புவது வேறொன்று. 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடி தாமதம் என்றால் வண்டி 8 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வலி மாத்திரையில் மயக்கம் தருவது இருந்தால் அது நிற்கும்வரை ஓட்டக் கூடாது. இடது முழங்காலாக இருந்து வண்டியும் ஆட்டோமேட்டிக் என்றால் இதற்கும் முன்பே ஓட்ட விடுவார்கள்.

கேள்வி: மாமனாருக்கு 76 வயது. மறதி நோயின் ஆரம்பம் என்கிறார்கள். சாவியை ஒளித்துவைத்தால் சண்டை வருகிறது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னால் நன்றாகத்தான் ஓட்டுகிறார். என்ன செய்வது?

அத்தை என்ன சொல்கிறார் என்பதை ஒருநாள் பின்சீட்டிலிருந்து கேளுங்கள். ‘அடுத்த தெருவில் திரும்புங்கள்’ என்று மட்டும் சொன்னால் அது வழித்துணை. ‘சிவப்பு விழுந்துவிட்டது’, ‘பார்த்து, ஆள் வருகிறது’, ‘பிரேக் போடுங்கள்’ என்று சொல்கிறார் என்றால் வண்டி ஓட்டுவது அத்தை. அவருக்குத்தான் பெடல் எட்டவில்லை. ஒருவர் சொல்லி இன்னொருவர் மிதிப்பதற்குள் ஆகும் தாமதமே விபத்துக்குப் போதும்.

நோயின் பெயரை வைத்து மட்டும் ஓட்டக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. ஆரம்ப நிலையில் சிலர் ஓட்டலாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சோதனை வேண்டும். அறைக்குள் செய்வதில் ஒன்று தடம் இணைக்கும் சோதனை. 25 வட்டங்கள், எண்ணும் எழுத்தும் கலந்து சிதறியிருக்கும். ஒன்று, அ, இரண்டு, ஆ என்று மாற்றி மாற்றிக் கோடு இழுக்க வேண்டும். 1944-இல் அமெரிக்க ராணுவத்தின் சோதனைத் தொகுப்பில் இருந்தது, இன்னும் ஓய்வுபெறவில்லை. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் தெரபிஸ்ட் புருவத்தை உயர்த்துவார். இரண்டு விஷயத்தை மாறி மாறி மனதில் நிறுத்துவதுதான் சந்திப்பில் நடக்கும் வேலை. ஆனாலும் தாளை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை, சந்தேகம் இருந்தால் சாலைச் சோதனை வேண்டும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். காலுக்கும் கைக்கும் கருவி உண்டு, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்ற நினைப்புக்குக் கருவி கிடையாது. தன் தவறு தெரிந்தவர் இருட்டில் ஓட்டுவதைத் தானே நிறுத்துவார். தெரியாதவரோடு சாவிக்காக மல்லுக்கட்டினால் மாற்றுச் சாவி செய்துகொள்வார். முடிவைத் தெரபிஸ்டும் மருத்துவரும் சொல்லட்டும், எழுத்தில் தரட்டும். மகன், மருமகள் வாயிலிருந்து வந்தால் அது பழியாகத்தான் நிற்கும். அதற்கு முன் ஒரு வாரம் அவர் எங்கெங்கே வண்டியை எடுக்கிறார் என்று எழுதிவையுங்கள். பத்துப் பயணம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் யார் கூட்டிப்போவது, எந்த நேரம், எந்த வண்டி என்று பதில் தயாராக இருக்க வேண்டும். நண்பரைப் பார்க்கப் போவதுதான் அதில் முதலில் விடுபட்டுப்போகும், அவருக்கு அதுதான் முக்கியமாக இருக்கும்.

கேள்வி: மகளுக்கு 19 வயது, பிறவியிலேயே மூளை முடக்குவாதம். படிப்பில் கெட்டி. ஓட்டுநர் பள்ளியில் ‘திடீர் திடீரென்று வளைக்கிறாள்’ என்று அனுப்பிவிட்டார்கள்.

பள்ளியில் சொன்னது கவனக்குறைவாக இருக்க வேண்டியதில்லை. இந்தக் குறைபாட்டில் குழந்தைப் பருவ அனிச்சைகள் சில முழுசாக மறையாமல் தங்கிவிடும். தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கக் கை தானாக நீளும், மறுகை மடங்கும். சந்திப்பில் வலப்பக்கம் பார்க்கத் திரும்பினாள், ஸ்டீயரிங்கும் கூட வந்தது. நடந்தது இதுவாக இருக்கலாம். நாற்காலியில் உட்காரவைத்து, வெறும் சக்கரத்தைப் பிடிக்கச் சொல்லி, தலையைத் திருப்பச் சொன்னாலே தெரபிஸ்டுக்குத் தெரிந்துவிடும். ஹாரன் சத்தத்தில் உடம்பு தூக்கிப்போடுகிறதா என்பதையும் பார்ப்பார்கள்.

தலையை அதிகம் திருப்பாமல் பார்க்க அகலக் கண்ணாடிகள், இரண்டு கைக்குப் பதில் குமிழில் ஒரே கை, முதுகும் இடுப்பும் நகராமல் அணைக்கும் இருக்கை. இவை பலருக்கு உதவும். அனிச்சை அவ்வளவு வலுவாக இருந்தால் ஓட்டுவது சரிவராது என்று சொல்வதும் உண்டு. வண்டியில் ஏறுமுன் ஒரு பயிற்சியை இன்றைக்கே தொடங்கலாம். நீங்கள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ‘பந்து உருள்கிறது, பின்னால் குழந்தை வரும்’, ‘முன் வண்டியில் பிரேக் விளக்கு’ என்று அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரட்டும். 15 நிமிடத்தில் எத்தனை ஆபத்தை உங்களுக்கு முன்பே கண்டாள் என்று எண்ணுங்கள். வகுப்புகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத்தான் தேவைப்படும். ஒரே பயிற்றுநர், ஒரே வண்டி, குறைந்த நேரம் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: போலியோவால் ஒரு கால் சூம்பியிருக்கிறது. ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் போட்டால் போதுமா, தெரபிஸ்டைப் பார்க்க வேண்டுமா?

பாருங்கள். பக்கச் சக்கரம் போட்டபின் ஸ்கூட்டர் வளைவில் சாயாது. சாய்த்துத் திருப்பிப் பழகியவர்கள் முதல் வளைவிலேயே வெளிப்பக்கம் தூக்கியெறியப்படுவதுபோல உணர்வார்கள். கைப்பிடியைத் திருப்பித்தான் ஓட்ட வேண்டும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். சாலை ஓரச் சரிவில் வண்டியும் அதே பக்கம் சரியும், அதைத் தாங்க இடுப்பில் பலம் இருக்கிறதா என்று தெரபிஸ்ட் பார்ப்பார். காலால் மிதிக்கும் பிரேக் இருந்தால் அதைக் கைக்கு மாற்ற வேண்டும். காலால் உந்திப் பின்னுக்குத் தள்ள முடியாதவர் என்றால் ரிவர்ஸ் வசதி உள்ள வண்டியாகப் பாருங்கள். ஊன்றுகோலை எங்கே மாட்டுவது என்பதை வண்டி தயாராகும்போதே சொல்லிவிடுங்கள். ஓட்டும் கைக்கு எட்ட வேண்டும், சக்கரத்தில் சிக்கக் கூடாது.